சாவி கிடந்த பக்கம்

சாவியை எடுத்த பிறகும் புத்தகம் மூடவில்லை.

டெல்ரோஸ் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோல் அட்டை போட்ட பழைய வேதாகமம் அது, அவள் கல்யாணத்துக்குச் சபையார் கொடுத்தது. போர்ட்லேண்ட் மலையில் அக்டோபர் மழை பிடித்துக்கொண்டால் செருப்பே பூசணம் பூக்கும், காகிதம் உப்பாதா என்று நினைத்தாள். முன்னறை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். மூடிக்கொண்டது. கையை எடுத்தாள். தூங்குகிற ஆள் மூச்சு விடுகிற மாதிரி மெல்லிய சத்தத்தோடு அட்டை எழும்பியது. நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு அப்படியே நின்றது. அந்த இடைவெளியிலிருந்து ஈரமான, குளிர்ந்த, ஆற்றங்கரைச் சேற்றின் வாசனை வந்தது.

அன்று இரவு கரி இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் ஏற்றி வைத்தாள். காலையில் பெட்டியைத் தூக்கினால் மறுபடியும் அதே மூச்சு. திறந்த இடமும் அதே இடம்தான். சங்கீதப் புத்தகத்தில், திருடனைப் பற்றி வரும் பக்கம்.

அந்தப் பக்கத்தில் துருவால் ஒரு சாவி பதிந்திருந்தது. வளையம், தண்டு, பல் எல்லாம் தெளிவாக.

வேதத்தில் சாவி வைத்துக் கேட்பது இந்த மலையில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம். வீட்டில் ஏதாவது களவு போனால், பெரிய இரும்புச் சாவி ஒன்றை அந்தச் சங்கீதத்தின் மேல் வைத்து, வளையம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி புத்தகத்தை நாடாவால் இறுகக் கட்டுவார்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு விரல்நுனியால் வளையத்தைத் தாங்க, புத்தகம் நடுவில் தொங்கும். பேதுருவையும் பவுலையும் சாட்சிக்கு அழைத்து, சந்தேகத்துக்கு ஆளானவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். திருடின ஆளின் பெயர் வந்ததும் புத்தகம் தானே திரும்பும். பாஸ்டர் லிண்டோவுக்கு இது ஆகவே ஆகாது. கடவுள் வாசிக்கக் கொடுத்ததைக் குறி கேட்க வைத்துக்கொள்ளாதீர்கள் என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது பிரசங்கத்தில் திட்டுவார். சபையார் ஆமென் சொல்வார்கள். ஏதாவது காணாமல் போனதும் சாவியைத் தேடுவார்கள்.

போன மாதம் காணாமல் போனது, சபையில் திராட்சரசம் பகிர்கிற திருவிருந்துக் கிண்ணம்.

காணாமல் போகவில்லை. அது டெல்ரோஸுக்குத் தெரியும், டெல்ரோஸுக்கு மட்டும்தான் தெரியும். கோயில் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும். பெருக்குவது, துடைப்பது, கிண்ணம் கழுவுவது எல்லாம் அவள் பொறுப்பு. அடிமைத்தனம் ஒழிந்த வருஷம், அப்போதிருந்த சபையார் சேர்ந்து வாங்கிய வெள்ளிக் கிண்ணம் அது. சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்க வீட்டுக்கு எடுத்து வந்தவள், காய்வதற்காக முற்றத்துச் சுவரில் வைத்தாள். ஆடு தட்டிவிட்டது. புருஷன் குளோவிஸ் சந்தைக்குப் போகும் வேனைப் பின்னுக்கு எடுத்தான், பார்க்கவில்லை, போய்விட்டான். சக்கரத்துக்கு அடியில் கிண்ணம் தட்டையாகக் கிடந்தது.

உடனே சொல்லியிருந்தால் ஒரு நாள் வசவோடு போயிருக்கும். சொல்லவில்லை. இருபது வருஷமாக "டெல்ரோஸ் கையில் கொடுத்தால் கவலையில்லை" என்று பேர் வாங்கியவளுக்கு அந்தப் பேர் பெரிதாகப் போய்விட்டது. தகட்டை ஒரு துணியில் சுற்றி, முற்றத்து மழைத்தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள். கோயில் அலமாரியில் வைத்த கிண்ணத்தைக் காணோம் என்று ஞாயிற்றுக்கிழமை அழுதாள். அழுகை உண்மையாகவே வந்தது, அதுதான் கொடுமை.

பாஸ்டர் கிங்ஸ்டனுக்குப் போயிருந்த நாளில் சகோதரிகள் அவள் வீட்டு முன்னறையில் கூடினார்கள். வேதாகமம் அவளுடையது. சாவி கோயில் சாவி. எதிரே வளையத்தைத் தாங்கியவள் சிஸ்டர் மெர்லின். பெயர்கள் வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் அண்ணன் தம்பி இருந்தார்கள், நிலம் இருந்தது, கல்லறைத் தோட்டத்தில் தாத்தா இருந்தார். பிறகு இமோஜின் பெயர் வந்தது.

இமோஜின் வேற்றூர்க்காரி. ஆற்றங்கரையில் ஒரு பலகை அறை வாடகைக்கு எடுத்து, மீன் பொரித்து அலுமினியத் தாம்பாளத்தில் வைத்துத் தலையில் சுமந்து விற்பவள். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முன் பெஞ்சையும் தாண்டுகிற குரலில் பாடுவாள். அவளுக்காகச் சண்டை போட ஊரில் ஒருத்தரும் இல்லை.

டெல்ரோஸ் விரலை அழுத்தினாள். ஓர் எறும்பை நசுக்கும் அளவுகூட இல்லை.

புத்தகம் திரும்பியது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த நாளே இமோஜினின் மீனை வாங்க ஆள் இல்லை. வீட்டுக்காரன் அறையைக் காலி செய்யச் சொன்னான். அவள் டெல்ரோஸ் வீட்டு வாசலில் வந்து நின்று, நான் எடுக்கலன்னு உங்களுக்காவது தெரியணும் சிஸ்டர் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். டெல்ரோஸ் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை வலுத்த சாயங்காலம் தாம்பாளத்தில் துணிமணிகளைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டப் போனவளை, மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் கொண்டுபோய்விட்டது. தாம்பாளம் மட்டும் கீழே கரை ஒதுங்கியது. தீர்ப்பு என்றார்கள் சகோதரிகள். டெல்ரோஸும் ஆமென் என்றாள்.

அந்த ஆமெனுக்குப் பிறகுதான் புத்தகம் மூடாமல் போனது.

மன்னிப்புக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. தினமும் கட்டில் பக்கத்தில் முட்டி போட்டாள். கர்த்தாவே என் பாவங்களையெல்லாம் மன்னியும் என்று, அழுக்குத் துணியை மொத்தமாக ஒரே மூட்டையாகக் கட்டி வெளுக்கப் போடுவது போல் ஜெபித்தாள். மூட்டையைப் பிரித்து எது எது என்று சொல்லவில்லை. சொல்லாமல் எழுந்திருக்கும்போதெல்லாம் நடுவிரலின் நுனி வலித்தது. சாவி வளையம் அன்றைக்குப் பதிந்த குழி இன்னும் மாறவில்லை.

பிறகு புத்தகம் தானே திசை திரும்பவும் ஆரம்பித்தது.

திறக்கிற பக்கம் சுவரைப் பார்க்கும்படி மேசையில் வைப்பாள். சமையலறைக்குப் போய் வருவதற்குள் அது அவள் நாற்காலியைப் பார்த்திருக்கும். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டால், ஈரப்பலாக்காய் சுட்டு எடுத்து வருவதற்குள் ஜன்னலைப் பார்த்திருக்கும். ஒரு தடவைகூட அது நகர்வதை அவள் கண்ணால் பார்த்ததில்லை. குளோவிஸிடம் நீ தொட்டாயா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமையே தொடமாட்டேன், வாரநாளில் எதற்குத் தொடப்போகிறேன் என்று சிரித்தான். அவனுக்கு அந்த வாசனையும் வரவில்லை.

துணி போட்டு மூடினாள். துணி நனைந்தது. அலமாரிக்குள் வைத்தாள். இரவில் தகரக் கூரையில் மழை தட்டும் சத்தத்துக்கும், மரத்தவளைகள் விசிலடிக்கும் சத்தத்துக்கும் அடியில், காகிதம் காகிதத்தோடு உரசுகிற இன்னொரு சத்தம் அலமாரிக்குள் கேட்டது. யாரோ ஈர விரலால் பக்கம் பக்கமாகத் தேடுகிற மாதிரி. எரித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதற்கே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேதத்தை எரிப்பதற்குப் பயப்பட்டவள், அதை வைத்து ஒருத்தியை எரித்ததற்கு அன்றைக்குப் பயப்படவில்லையே என்ற நினைப்பும் கூடவே வந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் குறுகுறுப்பெல்லாம் தாண்டிப்போயிருந்தது.

ஒருநாள் துணிந்து அந்தப் பக்கத்தை வாசித்தாள். சாவித் துருவுக்கு மேலேயும் கீழேயும் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்கு முன் அவள் பார்த்ததே இல்லை, யாருமே பார்த்ததில்லை. என் வார்த்தையை உன் வாயில் எடுக்க உனக்கு என்ன தகுதி என்று கடவுள் கேட்டிருந்தார். கூடப்பிறந்தவளைப்போல் இருந்தவளுக்கு விரோதமாக உட்கார்ந்து பேசினாய் என்கிற பொருளில் ஒரு வரி வந்தது. நீ இதையெல்லாம் செய்தபோது நான் பேசாமல் இருந்தேன், அதனால் என்னையும் உன்னைப் போல நினைத்துக்கொண்டாய் என்றும் இருந்தது. திருடனைப் பிடிக்க என்று அத்தனை வருஷமாகச் சாவி வைத்த பக்கம், சாவி வைத்தவளைப் பற்றியதாக இருந்தது.



சனிக்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டபோது கோயிலுக்குப் போனாள். பாஸ்டர் லிண்டோ ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவில் வெட்டுக்கத்தியால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கிங்ஸ்டனில் தனக்கு ஒரு சித்தி மகள் இருக்கிறாள், அவள் வேதத்தை அவமதித்துவிட்டாள், அதற்கு மன்னிப்பு உண்டா என்று கேட்கச் சொன்னாள் என்றாள் டெல்ரோஸ். தன் குரலே தனக்குக் கோணலாகக் கேட்டது.

"கீழ போட்டுட்டாங்களா?" என்றார் அவர். "நான் ஞானஸ்நானம் குடுக்கறப்ப என்னோடத ஆத்துலயே போட்டிருக்கேன். அதுவும் ஒரு முழுக்கு போட்டு எழுந்துச்சு. அதுக்கெல்லாம் கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு."

"கீழ போடல பாஸ்டர். அத வெச்சு ஒரு பொய் சொல்லிட்டா."

வெட்டுக்கத்தி நின்றது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு அவள் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தார்.

"தோலையும் காகிதத்தையும் மிதிச்சா தொடச்சு வெக்கலாம் சிஸ்டர். அது வாயில நம்ம பொய்ய வெச்சா, கர்த்தரையே பொய்சாட்சியா கூண்டுல ஏத்தின மாதிரி. அதுக்கும் மன்னிப்பு உண்டு. கேட்ட அந்த நிமிஷமே உண்டு. ஆனா யாரு பேர கெடுத்தாங்களோ அந்தப் பேர திருப்பிக் குடுக்கணும். நாளைக்கு திருவிருந்து. அதுக்கு முன்னாடி சபையில எழுந்து நின்னு ஒரு வார்த்த சொன்னா போதும்." மறுபடி புல்லுக்குக் குனிந்து, "உங்க சித்தி மக கிட்ட சொல்லுங்க," என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பியபோது பின்னாலிருந்து இன்னொன்றும் சொன்னார். இமோஜினின் அம்மா இன்றைக்குத் தீவின் மறுகோடியில் இருக்கும் செயின்ட் எலிசபெத்திலிருந்து வருகிறாள். நாளைக்கு ஆராதனையில் மகளுக்காக ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ராத்திரி தங்க டெல்ரோஸ் வீடுதான் வசதி என்று சொல்லியிருக்கிறார்.

சொல்லிவிடுகிறேன், நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தாள். இறக்கத்தில் அந்த வார்த்தைக்கு நல்ல பலம் இருந்தது. வீட்டு வாசலைத் தாண்டியதும் பலம் போய்விட்டது. வேதாகமம் அலமாரியில் இல்லை. மேசைமேல், திறந்து, வாசலைப் பார்த்து இருந்தது.

அந்த அம்மாள் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. பெயர் ஏடா. மெலிந்த, நிமிர்ந்த, கறுப்பு உடுப்பு போட்ட பெண். மகள் சுமந்த அலுமினியத் தாம்பாளத்தை போலீஸ் ஸ்டேஷனில் வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். அதற்குள் ஒரு துணியில் சுற்றிய மரவள்ளி அடை இருந்தது. தங்க இடம் கொடுக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாதே என்றாள். டெல்ரோஸ் அதை வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வது?

மண் சரிந்து சாலை அடைத்துக்கொண்டதால் குளோவிஸ் போர்ட் அன்டோனியோவிலேயே தங்கிவிட்டான். மின்சாரமும் போயிருந்தது. டெல்ரோஸ் அரிக்கேன் விளக்கை ஏற்றி மேசையில் வைத்தாள். ஏடா தாகம் என்று தண்ணீர் கேட்டாள். தொட்டித் தண்ணீர்தான் இருந்தது. டெல்ரோஸ் வாரக்கணக்கில் அதைக் காய்ச்சாமல் வாயில் வைத்ததில்லை, காய்ச்சினாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்குவாள். ஏடா டம்ளர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது என்று நன்றி சொன்னாள்.

பிறகு வேதாகமத்தைப் பார்த்தாள்.

"இதுதானா அந்தப் புத்தகம்?"

டெல்ரோஸ் ஆமாம் என்றாள். இல்லை என்று சொல்ல அவளுக்குச் சக்தியில்லை.

ஏடா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, திறந்திருந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். கூரையில் மழை மறுபடி பிடித்தது.

"நான் சண்டைக்கு வரல சிஸ்டர். அவ சின்னதுல தேங்கா பத்தை திருடுவா. அதுக்கு நான் அடிச்சிருக்கேன். அதனாலதான் எனக்கு தூக்கம் வரல. ஒருவேள எடுத்திருந்தா, அவளுக்காக நான் உங்க சபைகிட்ட மன்னிப்பு கேக்கணும். எடுக்கலன்னா நான் பாட்டுக்கு அழுதுட்டு போவேன். எதுன்னு தெரியாம எப்படி அழறது?" சாவிப் பதிவின்மேல் அவள் விரல் நின்றது. "இன்னொரு தடவ கேட்டுப் பாக்கலாமா? நீங்களும் நானும்?"

பாஸ்டருக்குப் பிடிக்காது என்றாள் டெல்ரோஸ்.

"அன்னைக்கும் அவருக்கு பிடிச்சிருக்காதே."

வாயைத் திறந்தால் போதும். அம்மா, உங்கள் மகள் எடுக்கவில்லை, கிண்ணம் என் தொட்டியில் கிடக்கிறது. அவ்வளவுதான். நாக்கு அசைந்தது. அதற்குள் வேறொரு எண்ணம், மிருதுவாக, புத்திசாலித்தனமாக, உள்ளே நுழைந்தது. அழுத்தாமல் இருந்தால்? இமோஜின் பெயரைச் சொல்லும்போது விரல் அசையாமல் இருந்தால் புத்தகம் திரும்பாது. புத்தகமே அவளை நிரபராதி என்று சொல்லிவிடும். நாளைக்கு ஏடா அதைச் சபையில் சொல்வாள். பேர் திரும்பிவிடும். டெல்ரோஸ் எழுந்து நிற்க வேண்டியதில்லை.

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தாள். சாவி ஈரமாக இருந்தது. பக்கத்தில் வைத்தபோது அது தன் பதிவுக்குள் பல்லும் தண்டுமாகச் சரியாகப் போய்ப் படுத்துக்கொண்டது. நாடாவால் கட்டினார்கள். எதிரெதிரே, முட்டி முட்டியைத் தொடும்படி உட்கார்ந்தார்கள். ஏடாவின் விரல் ஒருபக்கம். டெல்ரோஸின் விரல் ஒருபக்கம். வளையம் அவள் விரல் நுனியின் பழைய குழிக்குள் போய் உட்கார்ந்தது. புத்தகம் தொங்கியது. முன்பைவிடக் கனமாக இருந்தது, தண்ணீரில் ஊறிய துணியைப்போல.

"பேதுரு சாட்சி, பவுல் சாட்சி," என்றாள் ஏடா. "எம் மக இமோஜின் கிண்ணத்த எடுத்தாளா?"

மழை. விளக்குத் திரி படபடத்தது. டெல்ரோஸ் மூச்சு விடவில்லை. விரல் கல்லாக இருந்தது.

புத்தகம் அசையவில்லை.

ஏடாவின் தோள் இறங்கியது. கண்ணீர் சத்தமில்லாமல் வழிந்தது. எடுக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எடுக்கலம்மா, வேதமே சொல்லிடுச்சு என்றாள் டெல்ரோஸ். அவளுக்கும் அழுகை வந்தது. இத்தனை நாள் நெஞ்சில் இருந்த பாரம் இப்படி, ஒரு பைசா செலவில்லாமல், இறங்கிவிடும் என்று யார் கண்டார்கள்?

"அப்ப அன்னைக்கு எதுக்கு திரும்புச்சு சிஸ்டர்?"

கேட்டுவிட்டு ஏடா அவள் முகத்தையே பார்த்தாள். சந்தேகம் இல்லை அந்தப் பார்வையில். கேள்வி மட்டும்தான் இருந்தது.

டெல்ரோஸ் உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"அது கர்த்தருக்குத்தான் தெரியும்மா."

வாசனை வந்தது. ஆற்றுச் சேறு, அழுகிய இலை, ஈரத் துணி. முன்னறை முழுவதும் ஒரே நேரத்தில். விளக்கின் சுடர் சின்னதாகி நீலமானது. வெளியே தவளைகள் நின்றுபோயின. தொட்டிக்குள் ஏதோ ஒரு தகடு சிமென்ட்டில் மோதும் சத்தம் கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

புத்தகத்தின் கனம் கூடியது.

"நான் கைய எடுத்துட்டேன் சிஸ்டர்," என்றாள் ஏடா.

டெல்ரோஸ் பார்த்தாள். ஏடாவின் இரண்டு கையும் மடியில் இருந்தன. கண்ணைத் துடைத்த கைக்குட்டையோடு.

புத்தகம் விழவில்லை.

வளையத்தின் அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். விளக்கின் நிழல் விழுகிற இடத்திலிருந்து ஒரு விரல் நீண்டிருந்தது. வெளுத்து, ஊறி, நுனி முழுக்கச் சுருங்கிப்போன விரல். நகத்துக்கு அடியில் கறுப்புச் சேறு. விரலுக்குப் பின்னால் கை இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுதான் இருந்தது. அந்த விரல் வளையத்தைப் பதவிசாகத் தாங்கிப் பிடித்திருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு வளையத்தின் வழியாக வழிந்து, டெல்ரோஸின் விரலுக்கு வந்து, மணிக்கட்டில் இறங்கியது. சில்லென்று.

"நான்தான்," என்றாள்.

வந்துவிட்டது. எல்லாம் வந்தது. ஆடு, வேன், தொட்டி, மெர்லினின் விரல், தன் விரல், கதவுக்குப் பின்னால் பிடித்த மூச்சு, ஆமென். மூட்டை பிரிந்து ஒவ்வொன்றாக விழுந்தது. என்னை மன்னிச்சுடும்மா என்றாள். இமோஜின் என்னை மன்னிச்சுடு என்றாள். கர்த்தாவே என்றாள். பயத்தில் வந்த உண்மை என்றாலும் உண்மைதான், ஒரு சொல்லும் குறையவில்லை.

ஏடா கடைசிவரை கேட்டாள். குடித்து வைத்த காலி டம்ளரை ஒரு முறை பார்த்தாள். பிறகு எழுந்து தாம்பாளத்தை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"இத நாளைக்கு சபையில சொல்லுங்க. நான் மொத பெஞ்சுல உக்காந்திருப்பேன்."

"போகாதீங்கம்மா. அங்க பாருங்க. அந்த விரல பாருங்கம்மா."

ஏடா பார்த்தாள். டெல்ரோஸ் காட்டிய இடத்தைத்தான் பார்த்தாள். அவள் முகம் மெல்ல இளகியது. யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடப் போவதுபோல உதடு அசைந்து நின்றது. மழைக்குள் இறங்கிப் பாஸ்டர் வீட்டுப் பாதையில் நடந்தாள். கதவு திறந்தே கிடந்தது.

எதிர் நாற்காலி காலி.

புத்தகம் தொங்கியது.

விரலை எடுக்கலாம். எடுத்தால் வேதம் தரையில் விழும். விழட்டும். கை வரவில்லை. குழிக்குள் வளையம் பிடித்துக்கொண்டிருந்தது. சொல்லிட்டேனே, என்றாள் காலி நாற்காலியிடம். எல்லாத்தையும் சொல்லிட்டேனே.

மழை. இன்னொரு சொட்டு.

அந்த வெளுத்த விரல் அழுத்தியது. ஓர் எறும்பை நசுக்கும் அளவுகூட இல்லை.

புத்தகம், அவள் கண்ணெதிரே, அவள் பக்கமாகத் திரும்பியது.